மிச்சம் பிடிக்கும் இடமா பிறேக்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா சரிந்தது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பின்னரும், வரிச்சுமையால் புதிய வாகனம் பலருக்கு எட்டாக்கனியே. ஆகவே பழைய கார்களும் முச்சக்கர வண்டிகளும் இளைப்பாற வேண்டிய வயதிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டு மலைத்துப்போனவர், கூலியையாவது மிச்சம் பிடிப்போம் என்றெண்ணி ஸ்பானரைத் தாமே கையில் எடுக்கிறார்.

அவரை நான் குறைகூற மாட்டேன். என்ஜின் ஒயிலையும் காற்று வடிகட்டியையும் தாமே மாற்றுவது நல்ல பழக்கம். அங்கே பிழை நேர்ந்தால் நட்டம் அவருடையது. பிறேக்கில் பிழை நேர்ந்தாலோ, அதற்கு விலை கொடுப்பது பாதசாரிக் கடவையில் நிற்கும் பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். பிறர் உயிரை ஈடுவைத்துச் சேமிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

பேட் மாற்றுவது காணொளியில் எளிதாகவே தெரியும். ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத திரவத்தில் இருக்கிறது. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 வகைத் திரவத்துக்கு நியமிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ். ஈரமேறிய நிலையில் 155 பாகை. கொழும்பின் சமதள வீதியில் இந்த வேறுபாடு புலப்படாது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகையில், இடைவிடாது மிதித்த பிறேக் சூடேறித் திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் அடிவரை போகும், வண்டி நில்லாது. குழாயில் காற்றுக்குமிழை விட்டுவைத்தாலும் இதே கதிதான்.

அப்படியானால் கராஜில் விட்டால் கவலையில்லையா? அதுவுமில்லை. பணம் கொடுத்ததனால் மட்டும் வேலை சுத்தமாகிவிடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதிய திரவப் போத்தலை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் பேட் ஒருசேர மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது அவதானிப்பு. திரவ மட்டம் இறங்குகிறதா, பேட் 3 மில்லிமீற்றருக்கும் கீழே தேய்ந்துவிட்டதா, வண்டி ஒருபுறம் இழுக்கிறதா என்று பாருங்கள். பழைய பாகங்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் பிறேக் தூசியை ஒருபோதும் ஊதித் தள்ளாதீர்கள். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகாதீர்கள். திரவக் குழாயைத் திறக்கும் வேலையைப் பயின்றவரிடம் விட்டுவிடுங்கள்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2008 முதல் நம் வாகனங்கள் புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. புகையை அளக்கும் கருவி பிறேக்கை அளப்பதில்லை. எல்லா வாகனங்களுக்கும் குறைந்த கட்டணத்தில் ஆண்டுதோறும் பிறேக் பரிசோதனை வேண்டும். பிறேக் உதிரிப்பாகங்களின் வரியும் குறைய வேண்டும். பாதுகாப்பு வசதி படைத்தவருக்கு மட்டும் கிட்டும் பொருளாக இருக்கும்வரை, வசதியற்றவர் ஸ்பானரை எடுப்பதை அறிவுரையால் மட்டும் நிறுத்த முடியாது.