“அப்படித்தான் இருக்கும்” என்பது விடையாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பசிக்கு அழத் தெரிந்த பிள்ளைக்கு அது பொருந்தும். எதற்காக அழுகிறோம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? அழுவதற்குப் பதில் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளையின் துயரை யார் அறிவார்? இந்தக் கேள்வியை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் உடன் பயிலும் நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

என் தங்கைக்கு வயது 13. அறிவுசார் குறைபாடு உடையவள். பத்துச் சொற்களுக்கு மேல் பேசமாட்டாள். பசித்தால் தட்டை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைப்பாள். சனிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து நான் வருவதைக் கண்டால் கை தட்டுவாள். சென்ற ஆண்டு எங்கள் அப்பத்தா இறந்தார்கள். சில வாரங்களில் தட்டு வருவது நின்றது. கை தட்டலும் நின்றது. தொட்டால் கடித்தாள். மருத்துவரிடம் காட்டினோம். “இந்தப் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லித் தூக்க மருந்து எழுதிக் கொடுத்தார்.

இது ஒரு மருத்துவரின் தவறு மட்டுமன்று. 1982ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் உடன் ஆய்ந்தோரும் ஒரே மாதிரியான நோய் விவரத்தை உளவியலாளர்களிடம் கொடுத்துப் பார்த்தனர். நோயாளிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு என்று எழுதியிருந்தபோது, அதே துன்பம் மனநோயாகத் தென்படுவது குறைந்தது. பெரிய குறையின் நிழல் விழுந்து மற்றொரு நோய் மறைந்துபோகிறது! ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் தனித்தனியே பட்டியலிடுகிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று வராது என்று யார் சொன்னது?

மனச்சோர்வை எப்படி அளக்கிறார்கள்? பெரும்பாலும் நோயாளியையே கேட்கிறார்கள். மரியா கோவாக்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக அமைத்த அளவுகோலில் 27 இனங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் தனக்குப் பொருந்தும் வாக்கியத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்கியமே இல்லாத பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? ஆகவே நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். சிறுவர்களிடம் மனச்சோர்வு வருத்தமாக அல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படலாம் என்பதை மருத்துவ நூல்களே ஏற்றுக்கொண்டுள்ளன. கடிப்பதும் ஒரு மொழியாக இருக்கக்கூடும்.

ஆஸ்திரேலியாவில் ஐன்ஃபெல்டு, டாங்கு ஆகியோர் இத்தகைய பிள்ளைகளுக்காகவே 96 இனங்கள் கொண்ட பட்டியலை அமைத்தனர். பெற்றோர் அதை நிரப்ப வேண்டும். நல்ல வழிதான். ஆனால் நிரப்புவது யார் என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது.

பிறகு நாங்கள் சென்ற இடத்திலும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. கல்லூரியில் படிப்பவன் என்று என் கையில் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்; பெருமையோடு வாங்கினேன். உறக்கத்தில் தொல்லை உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று குறித்தேன். அம்மா கதவோரம் நின்றிருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டார்: “ராத்திரி மூணு மணிக்கெல்லாம் எந்திரிச்சு அப்பத்தா கட்டில்ல போயி உக்காந்துக்கிறாளே, அதை எழுதுனியாப்பா?”

நான் வாயடைத்துப் போனேன். எழுத்தை அறிந்தவன் நான். பிள்ளையை அறிந்தவர் அம்மா. படிவமோ எழுத்தறிந்தவனைத் தேடி வந்தது. கணக்குப் படிக்கும் நான் எண்களை நம்புகிறவன். ஆனால் தவறான விடைகளைக் கூட்டினால் கூட்டுத்தொகையும் தவறாகத்தானே இருக்கும்?

என் கருத்து இதுதான். முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தைராய்டுக் குறைவு, சில வலிப்பு மருந்துகளின் பின்விளைவு ஆகியவையும் ஒரு பிள்ளையை இப்படி மாற்றிவிடும். அடுத்து, அந்தப் பிள்ளையைப் பிற பிள்ளைகளோடு ஒப்பிடக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன்பிருந்த அதே பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். எது நின்றுபோயிற்று என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தாயிடம், அவர் பேசும் தமிழில், வாய்மொழியாகக் கேட்க வேண்டும்.

வீட்டார் தங்கள் துக்கத்தையே பிள்ளையின் மேல் ஏற்றிப் பார்க்கலாமே என்று சிலர் வினவலாம். நியாயமான ஐயம். நாங்களும் அப்பத்தாவை இழந்து அழுதவர்கள்தாம். அதனால்தான் ஒருவர் சொல் போதாது என்கிறேன். சிறப்புப் பள்ளி ஆசிரியையையும் கேட்க வேண்டும். உறங்கிய நேரம், உண்ட அளவு, சிரித்த வேளை என்று இரண்டு வாரமாவது நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். அம்மா சொன்னார்; நான் எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகே மனச்சோர்வு என்று கண்டு சிகிச்சை தொடங்கினார்கள். இப்போது தட்டு அம்மாவின் மடிக்கு மறுபடியும் வருகிறது. கை தட்டல் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் எதிர்பார்த்துத்தான் போகிறேன்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆவோம். நம் மேசைக்கு முன்னும் ஒரு தாய் கதவோரம் நிற்பார். படிவத்தை நீட்டுமுன் அவரை உட்காரச் சொல்லிக் கேட்போம். “அப்படித்தான் இருக்கும்” என்று மட்டும் சொல்லாதிருப்போம்.