வேண்டுங்கால் வருவித்தல்

செய்யுளுக்கு உரை காண்போர், மூலத்தில் இல்லாத சொல்லை இடம் நோக்கி வருவித்து உரைப்பர். அச்சொல் இயைந்ததாயின் பொருள் விளங்கும். இயையாததாயின் புலவர் கருதாத பொருள் புகுந்து கெடுக்கும். கணிப்பொறி நிரல்களிலும் இத்தகைய வருவித்தல் உண்டென்பதைத் தமிழ் மாணவராகிய நாமும் அறிதல் நன்று.

1995ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஜாவா மொழியில், நிரலின் உறுப்புக்கள் யாவும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏறுவதில்லை. ‘கிளாஸ் லோடர்’ என்னும் ஏற்றி, ஓர் உறுப்பு முதன்முதல் வேண்டப்படும் பொழுதே அதனைத் தேடிக் கொணரும். மூலக்குளத்துக்கு அண்மையிலுள்ள ஊசுட்டேரியின் நீர் முழுதும் ஒருங்கே வயலிற் பாயாது, வேண்டும் பொழுது மதகின் வழியே வருதல் போல்வது இது. நிரல் எழுதினோர் முன்பு அறியாத புதிய நூலகத்தையும் இவ்வாறு இயக்கத்தின் இடையே இணைக்கலாம். 2002இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட டாட்நெட்டிலும் இவ்வசதி உண்டு.

கொணர்ந்த உறுப்பு விதிக்கு ஒத்ததா என ஜாவா ஆராயும். ஆயின் அவ்வாராய்ச்சி வடிவை நோக்குமேயன்றி, எழுதினவன் உள்ளத்தை நோக்காது. இலக்கண வழுவின்றிப் பொய்யுரைத்தலும் கூடுமன்றோ?

இதன் விளைவை 2021 டிசம்பரில் உலகம் கண்டது. லாக்ஃபோர்ஜே என்பது, நிரலில் நிகழ்வனவற்றைக் குறித்து வைக்கும் ஜாவா நூலகம். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் தொண்டர்கள் பேணுவது. குறிக்கப்படும் வாசகத்துள் தக்க வடிவில் ஒரு முகவரி இருப்பின், அங்குச் சென்று அயலார் நிரலைக் கொணர்ந்து இயக்கத்தக்க குறை அதன்கண் இருந்தது. எவரோ ஒருவர் எழுதியனுப்பிய ஒரு வரியே, கணிப்பொறியைப் பிறர் கையில் ஒப்படைக்கப் போதுமானதாயிற்று. அக்குறையின் கொடுமைக்கு 10க்கு 10 என மதிப்பிட்டனர். அம்மாதமே வெளிவந்த 2.16ஆம் பதிப்பு, அவ்வழியை இயல்பாகவே அடைத்து வைத்தது.

‘ஆதலின் வருவித்தலையே ஒழித்தல் வேண்டும்’ என்பர் ஒருசாரார். அஃது எமக்கு உடன்பாடன்று. ஏரி உடைந்த நாளும் உண்டென்று மதகே வேண்டாவென எந்த உழவரும் கூறார். எதனை, எங்கிருந்து கொணர்வது என்பதை நிரலுக்கு உரியோர் முன்னரே வரையறுத்தல் வேண்டும். புறத்திருந்து வரும் சொல் அதனைத் தீர்மானித்தலாகாது. வருவது இன்னாருடையதென மின் கையொப்பத்தால் தெளிதல் வேண்டும்; வந்ததற்கு அதன் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை தருதல் வேண்டும்.

வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளினின்றும் கணிப்பொறி பயிலச் செல்லும் நம் இளைஞர்க்கு, வருவிக்கும் முறையைக் கற்பிக்கும் அன்றே இவ்வரையறையையும் ஆசிரியர்கள் கற்பிப்பாராக. வருவிக்கும் உரிமை உரையாசிரியர்க்கு உரியது, வழிப்போக்கர்க்கு உரியதன்று.