மென்படலச் சூரிய மின்கலம்: முதல்நாள் அளவு போதுமா?

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கலங்களில் மென்படலக் கலத்திற்குத் தனியிடம் உண்டு. வழக்கமான சிலிக்கன் வில்லையின் கனம் ஏறத்தாழ 150 மைக்ரான். மென்படலத்தின் கனமோ சில மைக்ரானுக்கு மேற்படுவதில்லை. அதனால் மூலப்பொருள் மிச்சமாகின்றது. ஆயினும், அந்த மென்மையே இடர்ப்பாட்டிற்கும் காரணமாகின்றது. படலத்தில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் மேலும் கீழுமுள்ள மின்வாய்கள் தொட்டுக்கொள்ள, மின்னோட்டம் அவ்வழியே வீணாகிவிடும்.

குறைபாடுகளின் அளவைப் பொருள் மட்டும் நிர்ணயிப்பதில்லை; அதைப் படியவைக்கும் முறையும் நிர்ணயிக்கின்றது. படிக அமைப்பற்ற சிலிக்கனே இதற்குச் சான்று. சிலிக்கனை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தால், அணுக்களிடையே நிறைவுறாத பிணைப்புகள் மலிந்து, படலம் கலத்திற்கு உதவாமற் போகும். சிலேன் வாயுவை மின்னிறக்கத்தால் சிதைத்துப் படியவைத்தாலோ, உடன் சேரும் ஹைட்ரஜன் அவற்றுட் பெரும்பாலானவற்றை நிறைவு செய்துவிடுகின்றது. இவ்வகைக் கலத்தைக் கார்ல்சன், ரான்ஸ்கி ஆகியோர் 1976-இல் அறிவித்தனர். ஆனால் ஒளி பட்டால் இப்படலத்தின் தரம் தாழ்கின்றது என்பதையும், 150 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் அது மீள்கின்றது என்பதையும் ஸ்டேப்ளரும் ரான்ஸ்கியும் 1977-இல் கண்டனர். வெயிலில் வைத்த தகட்டின் திறன் முதற் சில மாதங்களில் இறங்கி, அதன்பின்னரே ஏறக்குறைய நிலைபெறும்.

பெரோவ்ஸ்கைட் கலங்களிலும் இப்பாடம் மீண்டும் வருகின்றது. 2009-இல் மியாசகா குழுவினர் பெற்ற திறன் 3.8 சதவிகிதம், இன்று ஆய்வுக்கூடத்துச் சிறு துண்டுகளில் அது 25 சதவிகிதத்தைக் கடந்துவிட்டது. அத்துண்டுகள் பல, சுழலும் கண்ணாடியில் கரைசலை ஊற்றிச் செய்யப்பட்டவை. பரந்த தகட்டில் அம்முறையால் சீரான படலம் அமைவது அரிது. ஈரமும் வெப்பமும் அதை மேலும் கெடுக்கும்.

சிறு துண்டில் கண்ட அளவு பயனற்றதன்று. ஒரு பொருள் எதுவரை செல்லக்கூடும் என்பதை அது காட்டும். ஆனால் வாங்குவதற்கோ திட்டமிடுவதற்கோ அதனை அளவுகோலாகக் கொள்வது தவறு. எந்தத் திறனைக் கூறினும், தகட்டின் பரப்பு, படியவைத்த முறை, ஒளியில் வைத்தபின் நிலைபெற்ற அளவு ஆகிய மூன்றும் உடன் கூறப்படல் வேண்டும். ஓர் ஊரின் குடிநீர்ப் பம்பை முதல் மாத அளவை நம்பி அமைத்தால், பின்னர் நீர் குறையும்போது பழி சூரிய மின்சாரத்தின் மீதே விழும். ஒருமுறை இழந்த நம்பிக்கையை மீட்பது எளிதன்று.

ஆகவே களப்பணியாளர் இம்மூன்றையும் கேட்டறிந்த பின்னரே பரிந்துரை செய்தல் நன்று. பள்ளியில் சிறு தகடு ஒன்று இருப்பின், ஆசிரியர் ஆண்டுதோறும் அதே மாதத்தில், மேகமற்ற நண்பகலில், தகட்டைத் துடைத்தபின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மாணவரைக் கொண்டு அளந்து குறிக்கச் செய்யலாம். ஐந்தாண்டுக் குறிப்பேடு ஒன்று, முதல்நாள் அளவினும் நம்பத்தக்க சான்றாகும்.