துறைமுகத்து எலியும் பொதுத் தரவகமும்

துறைமுகத்தில் கட்டப்பட்ட கப்பலின் கயிறுகளில் குடைபோல் விரிந்த வட்டத் தகடுகள் மாட்டப்பட்டிருக்கும். கயிற்றின்வழி எலி கப்பலுக்குள் ஏறாமலும் கப்பலிலிருந்து கரைக்கு இறங்காமலும் தடுப்பவை அவை. இராயபுரத்திலும் எண்ணூரிலும் கடலோரத்தில் வாழ்வோர்க்கு எலி, கிடங்கில் தானியம் தின்னும் சிற்றுயிர். அறிவியலாளர்க்கோ அது மனிதனின் கடல்வழி வணிகத்தை எலும்பில் எழுதிவைத்த சாட்சி.

அந்தச் சாட்சியை எவ்வாறு விசாரிப்பது? சென்னையின் பழைய நிகழ்வொன்று வழிகாட்டுகிறது. 1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் இந்தியாவெங்கும் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அதைக் கடத்துகிறது என்று 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டினார். ஆனால், பம்பாயைப் போலவே துறைமுகமும் தானியக் கிடங்குகளும் உடைய சென்னையில் அந்நோய் வேரூன்றவில்லை. சென்னை எலிகளை மட்டும் எத்தனை ஆண்டுகள் ஆராய்ந்திருந்தாலும் இதற்கு விடை கிட்டியிராது. கொழும்பில் ஹர்ஸ்டும் இந்தியாவில் கிராக்கும் பல நகரங்களின் எலித்தெள்ளுகளை எண்ணி ஒப்பிட்டனர். சென்னையிலும் கொழும்பிலும் மிகுந்திருந்தது வேறோர் இனத் தெள்ளு என்பதும், நோயைக் கடத்துவதில் அது ஆற்றல் குறைந்தது என்பதும் அப்போதுதான் புலப்பட்டன. ஓர் ஊரின் கணக்கு மற்றோர் ஊரின் கணக்கோடு சேர்ந்தபோதே அதற்குப் பொருள் பிறந்தது.

எலும்பின் கதையும் அத்தகையதே. கருப்பெலி எனப்படும் வீட்டெலியின் தாயகம் இந்தியத் தீபகற்பம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ‘இல்லெலி’ என்னும் சொல் குறுந்தொகையிலேயே இடம்பெறும் அளவிற்கு அது நம் வீடுகளில் பழகிய உயிர். மனிதன் அழைக்காமலே அவனுடைய கலங்களில் ஏறி அது உலகைச் சுற்றியது. ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் அகழ்ந்தெடுத்த, கி.பி. 1 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான எலி எலும்புகளின் மரபணுக்களைப் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டது. உரோமப் பேரரசு விரிந்தபோது கருப்பெலி ஐரோப்பாவில் பரவியது. பேரரசு தளர்ந்தபின் அருகியது. இடைக்காலத்தில் வணிகம் தழைத்தபோது புதிதாக மீண்டும் நுழைந்தது. ஒரு பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் எலியின் எலும்பில் தெரிவது வியப்பன்றோ!

அந்த ஆய்வின் பழைய எலும்புகளுள் இந்தியாவினுடையது ஒன்றுகூட இல்லை. எலி சென்றடைந்த நாடுகளின் எலும்புகள் பேசுகின்றன. அது புறப்பட்ட நாட்டின் எலும்பு பேசவில்லை. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. குசேர் அல்-காதிமில் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்தது. மிளகு ஏற்றிய கலங்களில் எலியும் ஏறியிருக்குமாயின், அது எந்தக் கரையின் எலி? கொற்கையிலும் அழகன்குளத்திலும் அரிக்கமேட்டிலும் கிடைக்கக்கூடிய எலும்புகளே அதற்கு விடைகூற முடியும்.

இக்குறைக்குக் காரணங்கள் உண்டு. எலியின் பல் நெல்மணியளவே இருக்கும். கையால் பொறுக்கும் அகழாய்வில் மாட்டெலும்பு கிடைக்கும், எலியெலும்பு மண்ணோடு போய்விடும். கண்சிறுத்த சல்லடையில் மண்ணைச் சலித்தாக வேண்டும். கீழடியின் 70 எலும்பு மாதிரிகள் புனேயின் தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டு, மாடு, எருமை, ஆடு முதலியவை அறியப்பட்டன. இவ்வகைப் பணி இன்னும் பெருக வேண்டும். ஆனால், பெருகியதன் பயன் எங்கே தங்கும் என்பதே கேள்வி. அளவுகள் ஒருவரின் குறிப்பேட்டிலும் படங்கள் ஒருவரின் கணினியிலும் கிடந்தால், அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அவையும் ஓய்வு பெற்றுவிடும்.

இணையவழிப் பொதுத் தரவகம் இதற்கெனவே தோன்றியது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனம் 2013இல் தொடங்கிய ‘ஸெனோடோ’வில் எவரும் கட்டணமின்றித் தரவுகளைச் சேமிக்கலாம். ‘மார்போசோர்ஸ்’ என்னும் தளத்தில் எலும்புகளின் முப்பரிமாணப் படிமங்களைக் காணலாம். எலும்பு எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, பல்வரிசையின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், எவ்வகைக் கருவியால் அளக்கப்பட்டது என்பனவெல்லாம் படத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். இவையில்லாத படம் முகவரியில்லாத அஞ்சல் போன்றது. பெருச்சாளியா, வீட்டெலியா என்று ஐயம் எழுந்தால் வேறொருவர் கடைவாய்ப் பற்களை நோக்கி அதைத் தீர்க்கவும் அப்போதுதான் இயலும்.

“நாம் அரும்பாடுபட்டுச் சேர்த்ததைப் பிறர் எடுத்துப் புகழ் பெறுவாரே” என்னும் அச்சம் ஆய்வாளரிடையே உண்டு. வசதிமிக்க வெளிநாட்டு ஆய்வகங்களை நினைத்தால் அதைப் பழிக்க இயலாது. எனினும், பூட்டிவைப்பது அதற்கு மருந்தன்று. தரவகத்தில் சேரும் ஒவ்வொரு தொகுப்புக்கும் நாளும் பெயரும் மாறாத அடையாள எண்ணும் கிட்டுகின்றன. சேர்த்தவர் யார் என்பதற்கு அதுவே சான்று. ஆய்வாளர் தம் கட்டுரை வெளிவரும்வரை சில காலம் தரவை மூடிவைக்கவும் வழியுண்டு. 1996இல் பெர்முடாவில் கூடிய மரபணு அறிஞர்கள், மனித மரபணு வரிசைகளை 24 மணி நேரத்திற்குள் பொதுவில் வைப்பதென உடன்பட்டனர். அத்துணை விரைவு எலி எலும்புக்குத் தேவையில்லை. ஓராண்டு, ஈராண்டு ஆனாலும் கேடில்லை. ஒருபோதும் வெளிவராமையே கேடு.

ஒரு விலக்கு மட்டும் தேவை. கொள்ளையர் தோண்டிப் பாழாக்கக்கூடிய இடங்களின் துல்லியமான அமைவிடத்தை மறைத்துவைப்பதே அறிவுடைமை. மற்றவை மக்கள் வரிப்பணத்தில் அகழ்ந்தெடுத்தவை, மக்களுக்குரியவை. அகழாய்வுக்கு நிதி ஒதுக்கும்போதே சல்லடைக்கும் படமெடுப்புக்கும் தரவகப் பதிவுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதும், விவரக்குறிப்பை ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதுவதும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. திருவொற்றியூரில் பயிலும் மாணவி ஒருத்தி கைப்பேசியில் அப்பக்கத்தைத் திறந்து, எகிப்தில் கிடைத்த எலித்தாடையைக் கொற்கையில் கிடைத்ததனோடு அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதற்கு அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.