ஓடுற மூங்கிலும் பக்கத்து வீட்டுக்காரரும்

அமெரிக்காவின் அலபாமாவுக்கு தங்க மூங்கில் அழகுச் செடியாக வந்து இறங்கியது 1882ல். அப்புறம் தெற்கு மாநிலங்களில் அது வேலி தாண்டிக்கொண்டே இருக்கிறது.

மூங்கிலில் இரண்டு வகை. ஒன்று குத்தாக, நின்ற இடத்திலேயே பெருக்கும். இன்னொன்று மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி, சில மீட்டர் தள்ளி பக்கத்து வீட்டு புல்தரையில் முளைக்கும். தங்க மூங்கில் இந்த ரெண்டாவது.

அப்புறம் ஏன் வாங்குறாங்க? சீக்கிரம் மறைப்பு கிடைக்கும், குளிரும் தாங்கும். செடிக்கு விலை கொடுப்பவர் ஒருவர், தோண்டி எடுக்கிற செலவு இன்னொருவருக்கு. வணிகவியலில் இதைப் புறவிளைவு என்று ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்வார்கள் (மூங்கிலை உதாரணமாகப் போட்டால் மார்க் விழுமா? :)).

கனெக்டிகட் மாநிலம் 2013ல் ஒரு சட்டம் போட்டது. ஓடும் மூங்கிலை விற்பவர், இது பரவும் என்று வாங்குபவரிடம் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்து நிலத்தில் சேதம் வந்தால் நட்டவர் பொறுப்பு, அகற்றும் செலவு உட்பட. தடையெல்லாம் வேண்டாம், இது போதும் என்பது என் கட்சி. குளிர் அதிகமான கனெக்டிகட்டுக்கே இது தேவை என்றால், தெற்குக்கு எவ்வளவு தேவை!

மொபைல் மாதிரி கடலோர ஊர்களில் பாம்பூசா மல்டிப்ளெக்ஸ் என்கிற குத்து மூங்கில் அருமையாக வரும். வேலிக்கு அதை வைக்கலாம். தங்க மூங்கில் ஆசை விடாதவர்கள் பெரிய தொட்டியில் வளர்க்கட்டும், தொட்டியை மண்ணில் படாமல் தூக்கி வைத்து.