ஒரே பெயர், வேறு இனிஷியல்



போனில் இடமில்லை என்று, "ஒரே ஆல்பம் ரெண்டு தடவை இருக்கு" என ஒன்றை அழித்துவிடுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்.

1992-இல் தமிழில் வந்த ரஹ்மானின் 'ரோஜா'வுக்குப் பாட்டெழுதியவர் வைரமுத்து. தெலுங்குக்கு ராஜஸ்ரீ, இந்திக்கு பி.கே.மிஸ்ரா. மெட்டும் பெயரும் ஒன்று; உழைப்பு மூவருடையது.

வகுப்பில் மூன்று முருகன் இருந்தால் இருவர் பெயரை அடித்துவிடுவோமா? இனிஷியல் போட்டுத்தானே கூப்பிட்டோம்! அதுபோல ஆல்பம் பெயரை 'ரோஜா - தமிழ்', 'ரோஜா - இந்தி' என்று மாற்றுங்கள். பாடலாசிரியர் பெயரையும் சேருங்கள்.

திண்டுக்கல் கடைகளில் நாம் வாங்கிய கேசட் அட்டையில் அந்தப் பெயர் இருந்தது. பாட்டு போனுக்கு வந்தபோது பல இடங்களில் அது விடுபட்டுப் போனது. பாடுகிறவர் குரலால் நினைவில் நிற்பார். எழுதியவருக்கு அந்தப் பெயர் மட்டும்தானே!