மாட்டியவரே கழற்றிப் பார்க்கட்டும்

பொழுதுபோக்குக்காக ஸ்கூபா கருவிகளுடன் கடலில் இறங்குபவரின் உடம்பில் சிலிண்டர், அதைத் தாங்கும் மிதவைச் சட்டை, மூச்சுக்கு ஒரு ரெகுலேட்டர், அவசரத்துக்கு இன்னொன்று, காற்றழுத்தம் காட்டும் கேஜ், ஈயக்கட்டிகள், விளக்கு, கேமரா என்று பலவும் ஏறிவிடுகின்றன. எது எங்கே எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் படகில் இருக்கும்வரை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ திருகோணமலையிலோ முதன்முறை இறங்கும் பயணிக்குப் பயிற்றுநரே எல்லாவற்றையும் மாட்டிவிடுவார்; பயணி கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும். பரிவோடு செய்யப்படும் உதவிதான், ஆனாலும் அது ஆபத்தானது. தன்மேல் மாட்டியிருப்பதில் உயிர் காக்க வேண்டியவற்றையாவது ஒரே கையால், குனிந்து பார்க்காமல், ஒருமுறை கழற்றிப் பார்த்த பிறகே யாரும் தண்ணீரில் இறங்க வேண்டும்.

இதற்கான சான்று மரணக் கணக்குகளில் இருக்கிறது. நீர்மூழ்குவோரின் பாதுகாப்புக்காக இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 பொழுதுபோக்கு ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விபத்தைத் தொடங்கிவைத்த காரணத்தைக் கண்டறிய முடிந்த சம்பவங்களில் 41 விழுக்காடு காற்றுத் தட்டுப்பாடு. 20 விழுக்காடு எதிலாவது சிக்கிக்கொண்டது. 15 விழுக்காடு கருவிக் கோளாறு. முதல் இரண்டையும் பாருங்கள். காற்றுத் தீர்ந்தவருக்குத் துணைவரின் இரண்டாவது ரெகுலேட்டர்தான் கதி. அது கைக்குக் கிடைக்குமா என்பதை, அதை மாட்டியிருக்கும் விதமே முடிவுசெய்கிறது. சிக்கிக்கொள்வதிலும் தொங்கும் குழாய்க்கும் தவறான கிளிப்புக்கும் பங்குண்டு.

ஆக்டோபஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்த இரண்டாவது ரெகுலேட்டரை மஞ்சள் நிறத்தில் செய்வதும், மோவாய்க்கும் விலா எலும்பின் கீழ்முனைகளுக்கும் இடைப்பட்ட முக்கோணத்துக்குள் மாட்டச் சொல்வதும், பதறி வருபவரின் கண்ணில் அது முதலில் பட வேண்டும் என்பதற்காகத்தான். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. அதே மூச்சுக்கு மூன்று மடங்கு காற்றுச் செலவாகும். அங்கே தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இடுப்புக்குப் பின்னால் தொங்கினால் அதன் வாயில் மணல் புகும்; பைக்குள் திணித்து வைத்தால் எடுக்க இரண்டு கை வேண்டும். ஓர் இழுப்பில் விடுபடும் ரப்பர் வளையமோ காந்தப் பிடியோ போதுமானது. ஃப்ளோரிடாவின் நீருக்கடிக் குகைகளில் நீந்துவோர் இன்னும் தெளிவான ஏற்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். துணை ரெகுலேட்டர் கழுத்தில் மீள்கயிற்று வளையத்தில் மோவாய்க்குக் கீழே இருக்கும். வாயில் இருப்பது இரண்டு மீட்டர் நீளக் குழாய் கொண்டது. காற்றில்லாதவருக்கு வாயிலிருப்பதையே கொடுத்துவிட்டுக் கொடுத்தவர் கழுத்தில் இருப்பதைக் கவ்விக்கொள்வார். கொடுக்கப்படுவது வேலை செய்கிறது என்பதில் அப்போது சந்தேகமே இராது. குகைக்காரர்களின் கெடுபிடி பதினைந்து மீட்டரில் மீன் பார்க்கப் போகிறவருக்கு எதற்கு என்று கேட்பார்கள். நீளக் குழாய் எல்லோருக்கும் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். மூச்சுக்கான கருவி எப்போதும் ஒரே இடத்தில், ஒரே இழுப்பில் வரும்படி இருக்க வேண்டும் என்ற விதி ஆழத்தைப் பார்த்து மாறுவதில்லை.

கிளிப்பின் வகையும் சாதாரண விஷயமில்லை. மலையேறுவோர் பயன்படுத்தும் காராபினரின் வாய் உள்நோக்கித் தள்ளினாலே திறந்துகொள்ளும். தண்ணீரில் ஒரு கயிறு அதன்மேல் உரசினால் போதும், தானாக உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் ஊசியைப் பின்னிழுத்தால்தான் திறக்கும் போல்ட் கிளிப்பில் அந்த ஆபத்து மிகக் குறைவு. நம் கடற்கரைகளில் இது இன்னும் முக்கியம். பாறையிலும் மூழ்கிய கப்பலிலும் அறுந்து கிடக்கும் தங்கூசி வலை, நெருங்கும்வரை கண்ணுக்கே தெரியாது. கிளிப்பை உலோக வளையத்தால் கருவியோடு பிணைக்காமல் கத்தியால் அறுக்கக்கூடிய கயிற்றால் கட்டச் சொல்வதும் இதனால்தான்: கிளிப் இறுகிப்போனாலும் ஒரு வழி மிஞ்சும். இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாயை மேலே அனுப்பும்போது அதன் கயிற்றுச் சுருளை உடம்போடு மாட்டக்கூடாது. சுருள் சிக்கினால் மிதவை ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வலுவான மறுப்பு ஈயக்கட்டிகளைப் பற்றியது. எளிதாகக் கழலும்படி வைத்தால் தானாகவும் கழலும். எடை நழுவினால் ஆள் மேலே பாய்வார், மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழியும் என்கிறார்கள். உண்மைதான். அதற்காகக் கழற்றவே முடியாதபடி கட்டுவது தீர்வாகாது. இறந்து கிடைத்தவர்களில் பெரும்பாலோரின் எடை கழற்றப்படாமலே இருந்திருப்பதைப் பல நாட்டு விபத்து அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மேற்பரப்புக்கு வந்தும் மிதக்க முடியாமல் தத்தளிப்பவரை அந்தச் சில கிலோ ஈயமே கீழே இழுத்துவிடும். எடையைப் பிரித்து வைக்கலாம். பைகள் முழுதாகப் பூட்டியிருக்கின்றனவா என்று இழுத்துப் பார்க்கலாம். எடைப் பட்டையைக் கட்டினால் அதன் கொக்கிக்கு மேல் வேறு வார் எதுவும் ஓடாதபடி கடைசியில் கட்டலாம். சிலிண்டர் வாருக்கும் இதே கவனம் வேண்டும். நைலான் வார் நனைந்தால் தளரும். முதலில் நனைத்துவிட்டு இறுக்காவிட்டால் பாதி வழியில் சிலிண்டர் நழுவும்.

தொங்கும் கருவி பவளப்பாறையிலும் மோதும். அந்தச் சேதத்துக்குத் தொங்கும் கேஜைக் குறை சொல்வானேன், துடுப்புக் காலணிதானே அதிகம் உடைக்கிறது என்றும் வாதிடுவார்கள். அதுவும் சரியே. கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் நடந்து 2004இல் வெளியான பார்க்கர், ராபர்ட்ஸ் ஆய்விலும் பெரும்பாலான மோதல்கள் கால் உதைப்பால்தான். ஆனால் தொங்கும் கேஜை இடுப்பு வளையத்தில் மாட்ட ஒரு நொடி போதும். காலை அடக்கி நீந்தப் பழக மாதங்கள் ஆகும். எளிதில் தடுக்கக்கூடியதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இறங்கும் முன் தரும் விளக்கத்தில் பவளத்தைத் தொடாதீர்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்ததால் பயனில்லை. வழிகாட்டி தண்ணீருக்குள்ளேயே குறுக்கிட்டுத் திருத்தியபோது மோதல்கள் பெருமளவு குறைந்தன. கருவி மாட்டுவதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். முதன்முறை வருபவர் ஏற்கெனவே பயத்தில் இருப்பார், மேலும் சொன்னால் மிரண்டுவிடுவார் என்று நடத்துநர்கள் தயங்குகிறார்கள். அவருக்கு விரிவுரை வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பயிற்றுநரின் ஆக்டோபஸை ஒருமுறை உருவி அதில் மூச்சுவிடச் சொல்லுங்கள். தன் எடையை ஒருமுறை கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் தத்தளித்தால் இதைத்தான் செய்ய வேண்டும், ஆழத்தில் இது கடைசி வழி என்று அப்போதே விளக்குங்கள். சில நிமிட வேலை. கட்டணம் வாங்கும் எந்த மையமும் இதைச் செய்யாமல் ஒருவரைப் படகில் ஏற்றக்கூடாது. செய்யாத மையத்தில் பயணிகளே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.